சார்லஸ் டவுன் முற்றுகை, 1718: ஒரு மருந்துப் பெட்டிக்காக அடைபட்ட துறைமுகம் (நிகழ்வு ஆய்வு)

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்ட காரணம்

1718ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த தென் கரோலினாவின் தலைநகரான சார்லஸ் டவுனை, அதாவது இன்றைய சார்ல்ஸ்டனை, நான்கு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் ஏறக்குறைய ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். எட்டு ஒன்பது கப்பல்கள் அவர்கள் கையில் சிக்கின. நகரத்தின் முக்கியமானவர்கள் பலர் பணயக்கைதிகள் ஆனார்கள். கைதிகளின் உயிருக்கு ஈடாக அவர்கள் கேட்டது ஒரு பெட்டி மருந்து. நகரம் அதைக் கொடுத்தது. கைதிகள் அனைவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

கொள்ளைத் தலைவனின் சாகசக் கதைகளில் ஒரு சுவையான அத்தியாயமாகவே இந்த வாரம் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அப்படிச் சொல்லும்போது நகரம் பயந்து பணிந்த கூட்டமாகவும், கொள்ளையன் நாயகனாகவும் தோன்றுவது தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. நகரத்து அதிகாரிகள் எதைத் தெரிந்துகொண்டு, எதைத் தெரியாமல், எத்தனை நாள் அவகாசத்தில் முடிவெடுத்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். பணயக்கைதிகளையும் தூது சென்றவர்களையும் அவரவர் நிலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன். பொறுப்பில் இருந்தவர்களையும் கொள்ளைத் தலைவர்களையும் மட்டும் பெயர் சொல்கிறேன்.

பின்னணி: வெறுமையான கடற்கரை

சார்லஸ் டவுன் அப்போது செழிப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஊர். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்த அரிசி, பழங்குடி மக்களிடமிருந்து வாங்கிய மான்தோல், கப்பல்களுக்குப் பூசும் கீல், தார் ஆகியவை இங்கிருந்து லண்டனுக்குப் போயின. ஆனால் யமாசி முதலிய பழங்குடி மக்களோடு 1715இல் தொடங்கிய யமாசி போர் குடியேற்றத்தை அடியோடு உலுக்கியிருந்தது. எல்லையோரப் பண்ணைகள் அழிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், கருவூலம் காலியானது. தென் கரோலினா அரசரின் நேரடி ஆட்சியில் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லண்டனில் இருந்த ஒரு சிறு குழுவினர் அதன் உரிமையாளர்களாக இருந்தார்கள். போரின்போதும் அவர்களிடமிருந்து போதிய உதவி வரவில்லை. துறைமுகத்தைக் காக்க ஒரு போர்க்கப்பலும் அங்கே நிறுத்தப்படவில்லை. அருகில் இருந்த அரசக் கடற்படைக் கப்பல்கள் வடக்கே வர்ஜீனியாவில் இருந்தன.

மறுபுறம், 1713இல் ஐரோப்பியப் பெரும்போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான மாலுமிகள் வேலை இழந்தார்கள். போர்க்காலத்தில் அரசின் அனுமதிச் சீட்டோடு எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடித்துப் பழகியவர்கள், சீட்டு காலாவதியான பிறகும் அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். பஹாமா தீவுகளின் நசாவ் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1717 செப்டம்பர் 5 அன்று முதலாம் ஜார்ஜ் மன்னர் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தார். 1718 ஜனவரி 5க்கு முன் செய்த கொள்ளைகளுக்கு, ஓராண்டுக்குள் வந்து சரணடைந்தால் மன்னிப்பு உண்டு என்பது அதன் சாரம். இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தவற்றின் முரண் விளங்கும்.

துறைமுகத்தின் அமைப்பும் நிகழ்வில் ஒரு பாத்திரம். சார்லஸ் டவுன் விரிகுடாவின் வாயிலில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு ஒன்று உண்டு. பெரிய கப்பல்கள் கடலில் ஓத வெள்ளம் ஏறும் நேரம் பார்த்து, நீர்வழி தெரிந்து கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர்ப் பைலட்டின் துணையோடுதான் அதைக் கடக்க முடியும். நகரத்துக்குக் கோட்டைச் சுவரும் பீரங்கிகளும் இருந்தன; ஆனால் அந்தப் பீரங்கிகளின் குண்டுகள் திட்டுக்கு வெளியே நிற்கும் கப்பலை எட்டா. எனவே திட்டுக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்பவன் எவனோ, அவன் கையில் துறைமுகத்தின் சாவி இருந்தது.

வந்தவர்களும் அவர்களுடைய கப்பலும்

வந்த கூட்டத்தின் தலைவன் கருந்தாடி என்று பெயர் பெற்றவன். ஆவணங்கள் அவனை எட்வர்ட் தாட்ச் என்றும் டீச் என்றும் எழுதுகின்றன. அவனது தலைமைக் கப்பலான 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' நாற்பது பீரங்கிகள் கொண்டது. உடன் மூன்று சிறு பாய்மரக் கப்பல்கள் வந்தன. ஆளுநரின் கடிதம் மொத்த ஆட்களை நானூறுக்கும் மேல் என்று கணக்கிடுகிறது. அவர்களில் ஒருவர் பார்படோஸ் தீவின் நிலவுடைமையாளராக இருந்து கொள்ளைக்காரராக மாறிய ஸ்டீட் பானெட். தம் சொந்தக் கப்பலின் தலைமையைக் கருந்தாடியிடம் இழந்து அவர் உடன் வந்துகொண்டிருந்தார்.

அந்தத் தலைமைக் கப்பலின் முன்கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது முன்பு 'லா கன்கார்ட்' என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல்; நான்ட் நகரத்து வணிகருக்குச் சொந்தமானது. 1717இல் மேற்கு ஆப்பிரிக்காவின் வீடா துறையில் 516 பேரை ஏற்றிக்கொண்டு மார்ட்டினீக் தீவுக்குப் புறப்பட்டது. வழியில் 61 பேர் இறந்தார்கள். மாலுமிகளிலும் 16 பேர் இறந்தார்கள். எஞ்சிய மாலுமிகளில் பலர் பல்லெகிறு இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயாலும் வயிற்றுக்கடுப்பாலும் படுத்துவிட்டார்கள். நவம்பர் இறுதியில் மார்ட்டினீக்கை நெருங்கிக்கொண்டிருந்தபோது கொள்ளையர் அதை எளிதாகப் பிடித்தார்கள். கப்பலை வைத்துக்கொண்டு, சிறு கப்பல் ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்து, அடிமைகளில் பெரும்பாலோரை பெக்குவா தீவில் இறக்கிவிட்டார்கள். பிரெஞ்சு மாலுமிகளோ அந்தச் சிறு கப்பலில் இரண்டு நடையாக அவர்களை மார்ட்டினீக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கப்பல் கைமாறியும் அந்த மக்களின் விதி மாறவில்லை. இந்த ஆய்வில் பணயக்கைதிகளைப் பற்றி நிறையப் பேசப்போகிறோம். அதே கப்பலின் அடித்தட்டில் சில மாதங்களுக்கு முன் அடைபட்டுக் கிடந்தவர்களை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

பிரெஞ்சுக் கப்பலிலிருந்து கொள்ளையர் வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டவர்களில் மூன்று அறுவை மருத்துவர்களும் இருந்தார்கள். ஆக, கருந்தாடியிடம் மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய மருந்து இல்லை. ஆறு மாதம் கழித்து சார்லஸ் டவுனில் எழுந்த கோரிக்கை முன்னும் பின்னும் இல்லாத விசித்திரம் என்று தோன்றாமல் இருக்க இந்தச் செய்தி உதவுகிறது.

கண்டவையும் நடந்தவையும்

கொள்ளையர் முதலில் பிடித்தது பைலட் படகை. ஆளுநர் ராபர்ட் ஜான்சன் ஜூன் 18 அன்று லண்டனுக்கு எழுதிய கடிதம் இந்த வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: நகரத்தின் பார்வை எல்லைக்குள் வந்தார்கள், உடனே பைலட் படகைப் பிடித்தார்கள், அதன் பிறகு எட்டு ஒன்பது கப்பல்களைப் பிடித்தார்கள். அந்த ஒரு படகு போனதும், வரும் கப்பல்களை எச்சரிக்கவோ, போகும் கப்பல்களைத் தடுத்து நிறுத்தவோ ஆள் இல்லாமல் போயிற்று. உள்ளே வந்தவையும் வெளியே சென்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக வலையில் விழுந்தன.

அவற்றில் முக்கியமானது லண்டனுக்குப் புறப்பட்ட 'குரௌலி' என்ற கப்பல். அதில் குடியேற்றத்தின் ஆட்சி அவை உறுப்பினர் ஒருவரும், அவருடைய நான்கு வயது மகனும் பயணம் செய்தார்கள். 1724இல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்றுத் தொகுப்பு அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்கிறது. பயணிகளைத் தலைமைக் கப்பலுக்குக் கொண்டுபோய், அவரவர் கப்பலில் என்ன சரக்கு, துறைமுகத்துக்குள் எத்தனை கப்பல் நிற்கிறது என்று விசாரித்தார்கள். விசாரணை முடிந்ததும் எல்லோரையும் ஒட்டுமொத்தமாகச் சரக்கறைக்குள் தள்ளிக் கதவை அடைத்தார்கள். ஏறக்குறைய அரை நாள் அங்கே இருந்தார்கள். வெளிச்சம் இல்லாத அறையில், தலைக்கு மேல் காலடிச் சத்தம் மட்டும் கேட்க, என்ன முடிவு எடுக்கப்படுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நான்கு வயதுக் குழந்தையோடு அந்த அரை நாளைக் கழித்த தந்தையின் நிலையை எந்த ஆவணமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பிறகு கோரிக்கை அறிவிக்கப்பட்டது. நகரம் ஒரு மருந்துப் பெட்டியை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கைதிகள் அனைவரின் தலையையும் வெட்டி ஆளுநருக்கு அனுப்பிவிட்டு, பிடித்த கப்பல்களைக் கொளுத்துவோம் என்றார்கள். கைதிகளில் ஒருவர் தூதராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குக் காவலாக இரண்டு கொள்ளையர். அவகாசம் இரண்டு நாள்.

இரண்டு நாள் கழிந்தது, யாரும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் தூதர் அனுப்பிய ஆள் ஒருவர் வந்து, படகு வழியில் கவிழ்ந்துவிட்டது என்றும் அதனால்தான் தாமதம் என்றும் சொன்னார். கருந்தாடி இன்னும் இரண்டு நாள் கொடுத்தான். அதுவும் கழிந்தது. கைதிகளின் அச்சம் இப்போது உச்சத்தை எட்டியது. அவர்களில் சிலர், ஆளுநர் மறுத்துவிட்டால் தாங்களே வழிகாட்டிக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோவதாகவும், நகரத்தைத் தாக்கினால் துணை நிற்பதாகவும் சொன்னதாக அதே தொகுப்பு கூறுகிறது. அதைத் துரோகம் என்றும் அழைக்கிறது. கழுத்தில் கத்தி இருக்கும் ஒருவர் சொன்ன சொல்லை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கொள்ளையர் எட்டுக் கப்பல்களைத் துறைமுகத்தை நோக்கி நகர்த்தினார்கள். நகரத்தில் பீதி பரவியது.

நகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தது என்னவென்றால், மருந்து எப்போதோ தயாராகிவிட்டிருந்தது. தூதர் வந்து செய்தி சொன்னதும் ஆளுநரும் அவையும் கூடி, தாமதமின்றி இணங்கினார்கள். பெட்டி விரைவாகவே நிரப்பப்பட்டது. அதன் மதிப்பு முந்நூறு, நானூறு பவுண்டு என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் காவலுக்கு வந்த இரண்டு கொள்ளையரைக் காணவில்லை. பட்டப்பகலில் தெருக்களில் திரிந்துகொண்டிருந்த அவர்கள், பழைய கூட்டாளிகளோடு குடிக்கப் போய்விட்டார்கள். ஊரே பற்களைக் கடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. கடைசியில் போதையில் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்து, பெட்டியோடு படகில் ஏற்றினார்கள்.

பெட்டி வந்து சேர்ந்ததும் கருந்தாடி சொன்ன சொல்லைக் காத்தான். கப்பல்களையும் கைதிகளையும் விட்டான். ஆனால் அவர்களிடம் இருந்தவற்றையெல்லாம், உடுத்தியிருந்த நல்ல துணிகள் உட்பட, பறித்துக்கொண்டான். ஏறக்குறைய ஆடையின்றியே அவர்கள் கரைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று ஆளுநர் எழுதினார். கப்பல்களிலிருந்து எடுத்த பொன்னும் வெள்ளியும் சுமார் 1,500 பவுண்டு என்கிறது 1724 தொகுப்பு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, இணங்குவது. அதற்கு எதிராக நிற்கக்கூடியவை மூன்று: போரிடுவது, மறுப்பது, இழுத்தடிப்பது. போரிடக் கப்பல் இல்லை. வணிகக் கப்பல்களில் அவசரமாகப் பீரங்கி ஏற்றினாலும் நாற்பது பீரங்கிக் கப்பலைத் திட்டுக்கு வெளியே எதிர்கொள்ள வேண்டும். மறுத்தால் இறப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். அவையில் தம்மோடு உட்கார்ந்தவர், அவருடைய மகன், அயலார், உறவினர். இழுத்தடிப்பதற்கு எந்தப் பயனும் இல்லை. வர்ஜீனியாவிலிருந்து உதவி வருவதற்குள் வாரங்கள் ஆகிவிடும். யமாசி போரில் மூன்றாண்டு பிணங்களை எண்ணி ஓய்ந்த ஊருக்கு இன்னொரு பலி தேவைப்படவில்லை.

இத்தோடு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். கோரிக்கை சிறியது, தெளிவானது, உடனே நிறைவேற்றக்கூடியது. கேட்டவனுக்கு அது உண்மையாகவே தேவை என்பதால், கிடைத்ததும் போய்விடுவான் என்று நம்ப இடம் இருந்தது. அந்தத் தேவையின் தன்மையைப் பின்னாளில் கடல் காட்டிக்கொடுத்தது. 1996 நவம்பரில் வட கரோலினாவின் போபோர்ட் கழிமுகத்துக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்ட கப்பல் சிதைவு, 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்று 2011இல் உறுதி செய்யப்பட்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட மருத்துவக் கருவிகளில் ஒன்று, வெள்ளீயக் கலப்பு உலோகத்தில் செய்த, உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு பீச்சுக்குழல். சிறுநீர்ப் பாதைக்குள் மருந்து செலுத்துவதற்கானது. அதற்குள் பாதரசத்தின் தடயம் இருந்தது. அக்காலத்தில், பாலுறவால் பரவும் மேக நோய்க்குப் பாதரசமே மருந்து. அந்தப் பெட்டிக்காக ஒரு நகரத்தையே அடைத்தவர்களின் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அந்தச் சிறு குழல் சொல்லிவிடுகிறது. ஆய்வாளர்கள் பலரும் கோரிக்கைக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இரண்டாவது முடிவு, ஊருக்குள் வந்த இரண்டு கொள்ளையரைத் தொடாமல் விட்டது. கைக்கு எட்டிய இருவரைப் பிடித்து வைத்து எதிர்ப்பணயமாகக் காட்டலாமே என்று இன்று கேட்பவர் உண்டு. நானூறு பேரைக் கொண்ட தலைவனுக்கு இரண்டு பேர் ஒரு பொருட்டா? சில வாரங்களுக்குள் அவன் தன் ஆட்களிலேயே ஒரு தொகையினரை மணல்தீவில் தவிக்க விட்டுப் போனான் என்பது பின்னால் தெரிந்தது. ஆக, தொடாமல் விட்டது சரி. ஆனால் தொடாமல் விடுவதும் கண்காணிக்காமல் விடுவதும் ஒன்றாகா. அங்கேதான் நகரம் சறுக்கியது. அதை அடுத்து வரும் பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

பின்விளைவுகள்

சார்லஸ் டவுனை விட்டுச் சென்ற ஒரு சில நாட்களில், ஜூன் மாதத்தில், 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' போபோர்ட் கழிமுகத்தில் தரைதட்டியது. கருந்தாடி வேண்டுமென்றே தட்டவிட்டான் என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. கூட்டத்தைக் குறைத்துப் பங்கைப் பெருக்கிக்கொண்டு, எஞ்சிய சிலரோடு வட கரோலினாவின் பாத் ஊருக்குப் போனான். ஆளுநர் சார்லஸ் ஈடனிடம் பொதுமன்னிப்பு வாங்கிக்கொண்டு குடியமர்ந்தான். மன்னிப்பு ஜனவரி 5க்கு முந்தைய குற்றங்களுக்கு மட்டுமே. சார்லஸ் டவுன் முற்றுகை நடந்தது மே மாதத்தில். இருந்தும் மன்னிப்பு கிடைத்தது. ஆடை இழந்து கரை ஏறியவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

சார்லஸ் டவுனுக்கோ நிம்மதி இல்லை. ஆகஸ்டில் சார்லஸ் வேன் என்ற இன்னொரு கொள்ளைத் தலைவன் அதே திட்டுக்கு வெளியே வந்து கப்பல்களைப் பிடித்தான். இந்த முறை ஊர் காத்திருக்கவில்லை. கர்னல் வில்லியம் ரெட் இரண்டு கப்பல்களில் ஆட்களை ஏற்றிப் புறப்பட்டார். வேன் கிடைக்கவில்லை, ஆனால் கேப் ஃபியர் ஆற்றில் பானெட் கிடைத்தார். செப்டம்பர் 27 அன்று நடந்த சண்டையில் இரு தரப்புக் கப்பல்களும் மணலில் தட்டி, ஒன்றையொன்று சுட்டபடி மணிக்கணக்கில் கிடந்தன. வெள்ளம் ஏறியபோது ரெட்டின் கப்பல் முதலில் மிதந்தது, பானெட் சரணடைந்தார். ரெட் தரப்பில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பானெட்டின் ஆட்களில் பெரும்பாலோர் நவம்பரிலும், இடையில் தப்பியோடிப் பிடிபட்ட பானெட் டிசம்பர் 10 அன்றும் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் மீண்டும் திட்டுக்கு வெளியே கொள்ளையர் தோன்றியபோது, ஆளுநர் ஜான்சன் தாமே நான்கு கப்பல்களுடன் சென்று அவர்களை முறியடித்தார்.

கருந்தாடியின் முடிவு வர்ஜீனியாவிலிருந்து வந்தது. ஆளுநர் அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட் தம் எல்லைக்கு அப்பாற்பட்ட வட கரோலினாவுக்கு இரண்டு சிறு கப்பல்களில் கடற்படை ஆட்களை அனுப்பினார். 1718 நவம்பர் 22 அன்று ஒக்ரகோக் தீவுக்கருகே லெப்டினன்ட் ராபர்ட் மேனார்டின் கப்பல் தளத்தில் நடந்த கைகலப்பில் கருந்தாடி கொல்லப்பட்டான். அவன் உடம்பில் ஐந்து துப்பாக்கிக் காயங்கள் இருந்ததாக மேனார்ட் எழுதினார்.

அரசியல் விளைவு மெதுவாக வந்தது; ஆனால் நிலைத்தது. போர்க்கப்பல் இல்லையென்றால் வணிகம் அழியும் என்று ஆளுநர் லண்டனுக்கு எழுதியதும், நகரம் தன் செலவில் தன் ஆட்களைப் பலிகொடுத்துக் கொள்ளையரை வேட்டையாட நேர்ந்ததும், உரிமையாளர்கள் மீது ஏற்கெனவே இருந்த வெறுப்பை முற்றவைத்தன. 1719 டிசம்பரில் தென் கரோலினா மக்கள் மன்றம் உரிமையாளர்களின் ஆட்சியைத் தூக்கியெறிந்து அரசரின் நேரடி ஆட்சியைக் கோரியது. நிலச் சட்டங்களும் ஸ்பானியப் படையெடுப்பு அச்சமும் இதற்குக் காரணங்களாக இருந்தன என்றாலும், பாதுகாப்பற்றுக் கிடந்த துறைமுகம் அவற்றில் ஒன்று என்பதில் ஐயமில்லை. அரசர் பெயரில் தொடருமாறு மன்றம் கேட்டபோது ஜான்சன் மறுத்துவிட்டார். தம்மை நியமித்தவர்களுக்கு மாறாக நடக்க அவர் விரும்பவில்லை. பின்னாளில், 1730களில், அரசரின் ஆளுநராகவே அவர் திரும்பி வந்தார்.

மாற்றிச் செய்திருக்கக் கூடியவை

மருந்து கொடுத்த முடிவை நான் மாற்றமாட்டேன். அன்று கையில் இருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் அதைவிட நல்ல முடிவு தெரியவில்லை. மாற வேண்டியவை அதற்கு முன்னும் பின்னும், அதற்குள்ளே சில சிறு ஏற்பாடுகளிலும் இருக்கின்றன.

துறைமுகம் முழுக்க ஒரு பைலட் படகை நம்பியிருந்தது என்பதே முதல் குறை. படகு குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் வெளியே போகும் கப்பல்களை நிறுத்தி வைப்பது, கரையிலிருந்து கொடியாலோ தீயாலோ எச்சரிப்பது போன்ற எளிய வழக்கம் ஒன்று இருந்திருந்தால், 'குரௌலி' திட்டைத் தாண்டியே இருக்காது. பணயக்கைதிகளே இருந்திருக்க மாட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக, மற்ற எல்லாமே இதற்குப் பிறகு வந்தவை.

அடுத்தது தூது. இத்தனை உயிர்கள் ஒரே படகில், ஒரே தூதர் மேல், இரண்டு நாள் கெடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று திரும்பினால் கவிழக்கூடிய படகுக்கு மாற்று இல்லை. இணங்கிவிட்டோம், மருந்து கட்டப்படுகிறது என்ற ஒரு வரியை நகரம் தன் சொந்தப் படகில் உடனே கப்பலுக்கு அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு வரி போயிருந்தால் எட்டுக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நகர்ந்திருக்க வேண்டியதில்லை. கைதிகள் தங்கள் ஊரையே தாக்க வழிகாட்டுகிறோம் என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்க மாட்டார்கள். மருந்து தயாராக இருந்தும், குடிபோதையில் கிடந்த இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நான்கு வயதுக் குழந்தையின் தலை ஊசலாடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அவர்களைத் தொடாமலேயே, கண்ணில் படும்படி ஆளை நிறுத்தியிருக்கலாம்.

மன்னிப்பைப் பொறுத்தவரை, ஒரு குடியேற்றத்தில் நடந்த குற்றம் பக்கத்துக் குடியேற்றத்தின் ஆளுநருக்குச் சென்று சேர வழி இல்லாமல் இருந்ததும், சேர்ந்தாலும் அவர் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்ததும்தான் கோளாறு. கெடு தேதியை அரசாணையில் எழுதினால் போதாது. அந்தத் தேதிக்குப் பின் என்ன நடந்தது என்று துறைமுகங்கள் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

பதிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிடிபட்ட கப்பல்களின் எண்ணிக்கை, மருந்தின் மதிப்பு, பறிபோன பொன்னின் அளவு எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 'லா கன்கார்ட்' கப்பலில் உயிரோடு எஞ்சிய 455 பேர் சரக்குக் கணக்கில் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள். பணயக்கைதிகளின் அரை நாள் இருட்டைப் பற்றி எழுத ஆள் கிடைத்தது. அதே கப்பலில் கடலைக் கடந்தவர்களின் வாரக்கணக்கான இருட்டைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை. இந்தக் கரையின் கொள்ளை வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.

அந்தக் குழந்தை

சரக்கறையில் தந்தையோடு அடைபட்ட சிறுவன் வளர்ந்து வழக்கறிஞரானார்; தந்தையைப் போலவே தென் கரோலினா அவையில் அமர்ந்தார். அமெரிக்கப் புரட்சி வந்தபோது அரசருக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்ததால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1777 செப்டம்பரில், அறுபது வயதைக் கடந்திருந்த அவர் தம் மகனோடு ஏறிய கப்பல் ஹாலந்துக் கரைக்கு அருகே உடைந்தது. அவர் மூழ்கி இறந்தார். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அவருடைய மகன் பிழைத்த விதத்தையும் அந்தக் கல் சொல்கிறது: ஒரு சரக்கு மூட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்த பையனை, கறுப்பின அடிமை ஒருவர் கரை சேரும்வரை தாங்கிப் பிடித்திருந்தார். அவருடைய பெயர் கல்லில் இல்லை.